பவுடர் டப்பா இழுத்த படகு

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன மாதம் என்னை டீக்கடையில் மடக்கிக் கேட்டார். "சார், உங்க சர்வீஸ்லயே ரொம்பக் கஷ்டமான வேலை எது?" பெரிய என்ஜின் ஒன்றைத் தனியாளாக இறக்கி ஏற்றிய வீரக்கதை வரும் என்று எதிர்பார்த்திருப்பார். நான் நன்றாக யோசித்துவிட்டு, "ஒரு போல்ட் மாட்டினேன்" என்றேன். அவர் மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார்.

அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நீங்கள் எழுந்து போவது எனக்குத் தெரியாது.

என்னைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அரசுப் பட்டறையில் டிராக்டர் மெக்கானிக்காக இருந்தேன். ஐம்பதைத் தாண்டியதும் முழங்கால்கள் வேலையை விட்டுவிட்டன. வேறு வழியில்லாமல் நானும் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தேன். வண்டிக்கு அடியில் படுப்பதில் எனக்குக் கடைசி வரை சிரமமே இருந்ததில்லை. எழுந்திருப்பதுதான். வேலைப் பையில் ஸ்பானரோடு எப்போதும் ஒரு தடித்த நாவலும் இருக்கும். உதிரிப் பாகம் வரும்வரை காத்திருப்பது நம் தொழிலில் பாதி. அந்தப் பாதியில், தூர தேசத்துப் பெரிய குடும்பங்கள் பல நொடித்துப் போனதை கிரீஸ் கையோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். "படிச்சவரு" என்று பட்டறையில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அது பாராட்டு அல்ல என்பது புரியக் கொஞ்ச காலம் பிடித்தது.

பட்டறை அப்போது பழவேற்காட்டில், டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. கல்லறை வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். வண்டியை விட்டுவிட்டுப் போகும் விவசாயிகள் அந்தப் பக்கம் கை காட்டி, "சரியாவலைன்னா பக்கத்துலயே பொதைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள்.

போல்ட் மாட்டிய ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறார்கள். இதிலோ மாமியார் மருமகன் விவகாரம் வருகிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் மணல்மேல் இருக்கும் ஒரு மீனவக் குப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பொதுவில் அங்கே ஒரு டிராக்டர் இருந்தது. இளமையில் திருப்பாலைவனத்துப் பக்கம் நெல் வயலில் உழுத வண்டி. உழ முடியாத வயது வந்ததும், மணலில் படகு இழுப்பதற்காக மீனவர்கள் வாங்கிக்கொண்டார்கள். வயதில் என்னைவிட மூத்தது. அதைச் செய்த கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கி, பிறகு இரண்டுமே காணாமல் போய்விட்டன. ஊரார் அதை "டச்சுக்காரன் வண்டி" என்பார்கள். டச்சுக்காரர்கள் இங்கிருந்து கிளம்பிப்போய் வெகுகாலம் கழித்துத்தான் டிராக்டர் என்ற ஒன்றே உலகத்துக்கு வந்தது என்று நான் ஒருமுறை வரலாற்று ஆதாரங்களோடு விளக்கினேன். டிரைவர் ஏழுமலை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ இத்த வுட்டுட்டுப் போனது யாருண்ணே?" என்றான்.

அந்த ஏழுமலைதான் ஒருநாள் காலை சைக்கிளில் வந்து பட்டறை வாசலில் இறங்கினான். செல்போன் எல்லார் கையிலும் வந்திராத காலம்.

"அண்ணே, வண்டி கத்துது. நகர மாட்டுது."

"நம்ம ஆபீஸ்ல நெறைய பேரு அப்படித்தான். இன்னா ஆச்சு?"

"ஷாஃப்ட்டு போல்ட்டு வுயுந்துட்ச்சி. எங்க வுயுந்துச்சின்னு தெரில. இன்னிக்கு வண்டி ஓடியே ஆவணும்ண்ணே. தேசிங்குக்கு மொதல் பாடு."

இந்த இரண்டு சங்கதியையும் கொஞ்சம் விளக்கியாக வேண்டும்.

ஷாஃப்ட் உங்களுக்குத் தெரிந்ததுதான். என்ஜினின் சுற்றைப் பின்பக்கம் கொண்டு போகிற தண்டு. அந்தப் பழைய வண்டியில் அது கப்ளிங் என்ற இணைப்புக்குள் நுழைகிற இடத்தில், இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது குறுக்கே போகும் ஒரே ஒரு போல்ட். அது போனால், வெறும் வண்டியைத் துருவின் பிடிப்பே கொஞ்ச தூரம் நகர்த்திவிடும்; பாரம் ஏறியதும் ஷாஃப்ட் சும்மா சுற்றும், சக்கரம் வேடிக்கை பார்க்கும்.

பாடு என்பது ஏரிக்காரர்களின் ஏற்பாடு. இறால் ஓடும் வழிகள் ஏரியில் சிலதான். எல்லாரும் அங்கேயே வலை கட்டினால் மண்டை உடையும். ஆகவே சீட்டுக் குலுக்கி, எந்த நாள் எந்த இடம் எந்த வீட்டுக்கு என்று பிரித்துக்கொள்கிறார்கள். கல்யாணம் ஆனால்தான் ஒருவன் தலைக்கட்டு. தலைக்கட்டு ஆனால்தான் அவன் பெயர் சீட்டில் சேரும். தன் நாளில் பொழுது சாய்வதற்குள் தன் இடத்தில் வலை கட்டும் குச்சி நட்டாக வேண்டும். நடாவிட்டால் அந்த இடம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். மறுபடி சுற்றி வருவதற்குள் இறால் காலமே முடிந்துவிடும். இதில் அந்த ஊருக்கென்று ஒரு வழக்கமும் உண்டு. முதல் பாட்டுக்குச் சொந்தப் படகில்தான் போக வேண்டும். இரவல் படகில் போனால், "பொண்டாட்டியும் இரவலா?" என்று கேட்பார்கள். ஒருமுறை கேட்டு விட்டுவிடுகிற ஊரும் அல்ல அது.

தேசிங்குக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. சொந்தப் படகு இருந்தது. புத்தம்புது ஃபைபர் படகு, மாமியார் வீட்டுச் சீர். முந்தின நாள்தான் லாரியில் வந்தது. தார் ரோடு முடிகிற இடத்தில் இறக்கிவிட்டு லாரி போய்விட்டது. அங்கிருந்து ஏரிக்கரை வரை ஆளைப் புதைக்கிற மணல். ஊர் ஆண்களில் பாதிப்பேருக்கு மேல் கடலுக்குப் போயிருந்தார்கள். டிராக்டர் காலையில் படகுவரை நன்றாக வந்தது, கயிற்றைக் கட்டினார்கள், ஏழுமலை கிளட்ச்சை விட்டான், வண்டி கத்தியது. அவ்வளவுதான்.

நான் போல்ட் டப்பாவை எடுத்துப் பையில் போட்டேன். ஒரு போல்ட்தானே என்று நாவலைக்கூட எடுக்கவில்லை. அலட்சியத்துக்கு இதைவிட நல்ல அடையாளம் என்னிடம் கிடையாது.

போய்ச் சேர்ந்தபோது படகைச் சுற்றி ஊரே நின்றது. படகின் மூக்கில் மஞ்சளும் குங்குமமும், ஒரு முழம் கனகாம்பரமும். உள்ளே வலை மூட்டையும் நடவேண்டிய குச்சிகளும் ஏற்றித் தயாராக இருந்தன. தேசிங்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகை ஒரு சுற்றும் டிராக்டரை ஒரு சுற்றுமாகச் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் மாமியார் தனக்கோட்டி, படகின் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சீர் கொடுத்தவர் உட்காருகிற உட்காரல்.

"வா மேஸ்திரி" என்றார். "இந்த டச்சுக்காரனுக்கு இன்னா நோவு பாரு. எம் மாப்ள படகு ரோட்டு மேல கெடக்குது. பஸ்ஸுனு நெனைச்சிகினு ரெண்டு பேரு ஏறி உக்காந்துட்டானுங்க."

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ஓட்டை காலியாக இருந்தது. டப்பாவில் இருந்து ஒரு போல்ட்டை எடுத்து நுழைத்தேன், நுழையவில்லை. அடுத்த அளவை எடுத்தேன். உள்ளே போய் தாராளமாக ஆடியது. அந்த வண்டி இஞ்சுக் கணக்கில் பிறந்தது. என் டப்பா மில்லிமீட்டர் கணக்கில் வளர்ந்தது. பொன்னேரிக்குப் போய் லேத்தில் கடைந்து வாங்கி பஸ் பிடித்து வருவதற்குள் பொழுது சாய்ந்திருக்கும். வேறு டிராக்டர் பிடிக்கலாம் என்றால், உழவுக் காலம். எல்லாம் சேற்றில் நின்றன.

இங்கே ஒரு காரியம் செய்தேன், கவனியுங்கள். "எல்லாரும் தேடுங்க. காலையில வண்டி வந்த வழியிலதான் விழுந்திருக்கணும்" என்று சொல்லி, டப்பாவில் இருந்து அதே பருமனில் ஒரு போல்ட்டை எடுத்து உயர்த்திக் காட்டினேன். "இதோ பாருங்க. இந்த மாதிரி இருக்கும்." புது போல்ட். வெயிலில் பளபளவென்று மின்னியது. ஊர் முழுவதும் அதை நன்றாகப் பார்த்துக்கொண்டது.

அந்த ஊர்ப் பெண்கள் ஏரியில் வலையில்லாமல் இறால் பிடிப்பவர்கள். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றைக் கையால் தடவியே பிடித்துவிடுவார்கள். அதே வரிசையில், அதே கையோடு, டிராக்டர் வந்த தடத்தைத் தடவிக்கொண்டு போனார்கள். தேசிங்கு எல்லாருக்கும் முன்னால், முட்டி போட்டுக்கொண்டு. விரல் படாத ஒரு பிடி மணல் மிஞ்சியிருக்காது. கிடைத்தவை: எப்போதோ தொலைந்த ஒரு வெள்ளிக் கொலுசு, ஒரு டார்ச் லைட்டின் மூடி, கோபமாக இருந்த ஒரு நண்டு, வெள்ளைக் களிமண்ணில் செய்த சுங்கான் துண்டு ஒன்று. கடைசியாகச் சொன்னது டச்சுக்காரர்கள் புகை பிடித்துவிட்டுப் போட்டது. அதைப் பற்றி நான் இரண்டு வார்த்தை சொல்லத் தொடங்கினேன்.

"அவன் குடிச்சிட்டுப் போட்டது கெடைக்குது, இவன் காலைல போட்டது கெடைக்கலியா?" என்றார் தனக்கோட்டி. ஏழுமலை வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

வெயில் உச்சியைத் தாண்டிவிட்டது. அடுத்த முறைக்காரன் ஒருவன் தூரத்தில் தன் படகில் உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். தேசிங்கு குச்சி நடாவிட்டால் அவன் நடுவான். அவன் சிரிக்கவில்லை. அதுதான் தேசிங்குக்குத் தாங்கவில்லை.

"மேஸ்திரி" என்றான் என்னிடம் மெல்ல. "பாடு போனாக்கூட போவுது நைனா. அத்தை ஒண்ணும் சொல்லாது. ஆயுசுக்கும் ஒண்ணும் சொல்லாது. சும்மா பாக்கும். அத்த நெனைச்சாதான் பேஜாரா கீது."

கல்யாணமானவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஏழுமலை அப்போது ஒரு யோசனையோடு வந்தான். கையில் ஒரு துண்டு இரும்புக் கம்பி. உடைந்த கடப்பாரையின் முனையாக இருக்க வேண்டும். "இத்த வெச்சி ஓட்டைல அடிச்சி எறக்கிடலாம்ண்ணே. டைட்டா குந்திக்கும். யானை இழுத்தாலும் வராது." சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அழுத்தம் அதிகமாகும்போது கனமான சுத்தியலுக்குத்தான் ஓட்டு அதிகம் விழும். இதை எங்கேயாவது எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

நான் தொழில் பழகிய இடத்தில் ஒரு ஃபோர்மேன் இருந்தார். எந்தச் சந்தேகம் கேட்டாலும் பதில் சொல்ல மாட்டார். "எது உடைஞ்சா பரவாயில்லை?" என்று மட்டும் திருப்பிக் கேட்பார். வீட்டில் பாத்திரம் கழுவும்போதும் இதையே கேட்பார் என்று ஒரு வதந்தி உண்டு. அன்றைக்கு மணலில் மல்லாக்கப் படுத்திருந்தபோது அந்த மனிதரின் குரல்தான் காதில் விழுந்தது. யானை இழுத்தாலும் வராத கம்பியை அடித்து இறக்கினால், எதிர்பாராத ஒரு உதறல் விழும்போது கம்பி உடையாது. சரி, அப்போது எது உடையும்? ஷாஃப்ட். அதற்கு இந்தப் பூமியில் மாற்று கிடையாது. போல்ட் உடைந்தால் ஒரு போல்ட் போனது. ஷாஃப்ட் உடைந்தால் ஊரின் எல்லாப் படகும் மணலில் நிற்கும்.

ஆகவே ஆடுகிற போல்ட்டே போதும் என்று முடிவு செய்தேன். ஆட்டத்தை மட்டும் நிறுத்த வேண்டும். போல்ட்டைச் சுற்றி மெல்லிய தகடு ஒன்றைச் சுருட்டி நுழைக்க வேண்டும்.

"யாராவது ஒரு டப்பா கொடுங்க. மெல்லிசான தகரமா இருக்கணும். துரு இருக்கக் கூடாது."

துரு இல்லாத தகரம் என்பது, உப்புக்காற்று வீசும் ஊரில், நடக்கிற பேச்சா? எண்ணெய் டின் வந்தது, கையிலேயே பொடிந்தது. பிஸ்கட் டின் வந்தது, தகடு தடிமன். கடைசியில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு புதுப்பெண் சுமதி வந்தாள். தேசிங்கின் மனைவி. கையில் கல்யாணத்துக்கு வந்த சந்தனப் பவுடர் டப்பா, பாதி தீர்ந்தது. மிச்சப் பவுடரை முந்தானையில் கொட்டி முடிந்துகொண்டு, காலி டப்பாவை என்னிடம் நீட்டினாள்.

"இது ஆவுமா நைனா?"

தகடு தாழம்பூ மடல்போல வளைந்தது. ஒரு துளி துரு இல்லை. "இதைவிட நல்லது கம்பெனியிலகூட கிடைக்காதும்மா" என்றேன். உண்மையும் அதுதான்.

தனக்கோட்டி வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார். அன்றைக்கு முதல்முறையாக எழுந்தார். "இன்னா மேஸ்திரி, எவ்ளோ பெரிய படகு, இத்த பவுடர் டப்பாவுல கட்டி இழுக்கப் போறியா? ஊருக்குள்ள நான் தலை நிமிந்து போவத் தேவல?"

"டப்பா இழுக்காதும்மா. நீங்கதான் இழுக்கப் போறீங்க" என்றேன்.

என் திட்டத்தின் அடுத்த பாதி இதுதான். அந்த போல்ட் எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் தெரியும். போல்ட்டைப் பலப்படுத்த முடியாதபோது, அதனிடம் கேட்கிற வேலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். படகுக்கு அடியில் பனங்கட்டை உருளைகள் போட வேண்டும். டிராக்டர் மிகச் சிறிய கியரில், கொட்டாவி விடுகிற வேகத்தில் போக வேண்டும். பின்னால் இருக்கிற கை அத்தனையும் படகைத் தள்ள வேண்டும். முக்கியமாக, வண்டி நின்றால் ஏழுமலை காலை எடுத்துவிட வேண்டும், மிதிக்கக் கூடாது.

"சொல்லப்போனா ஆளுங்கதான் தள்ளுறாங்க. வண்டி இன்னாத்துக்குண்ணே?" என்றான் ஏழுமலை, மனம் புண்பட்டு.

"ஆளுங்க மட்டும் தள்ளுனா பாதியில உக்காந்துடுவாங்க. முன்னாடி ஒண்ணு கத்திக்கிட்டே போனாத்தான் பின்னாடி இருக்கிறவனுக்கு நம்பிக்கை வரும்."

தனக்கோட்டி ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு சேலையை வாரிச் செருகிக்கொண்டு திரும்பி, "ஏய், இன்னாடி பாத்துகினு நிக்கறீங்க? சினிமாவா காட்றாங்க? தோள குடுங்கடி!" என்றார். அந்தக் குரலுக்கு ஒரு டிராக்டரை ஒப்பிடுவது டிராக்டருக்கு நியாயமில்லை.

நகர்ந்தது. முதலில் நம்ப முடியவில்லை, ஆனால் நகர்ந்தது. நான் கப்ளிங்கைப் பார்த்தபடி வண்டிக்குப் பக்கவாட்டில் நண்டுபோல் ஓடினேன். சூடேறிய ஷாஃப்ட்டிலிருந்து சந்தனப் பவுடர் வாசனை வந்தது. டீசல் புகையும் கருவாட்டு வாடையும் சந்தனமும் சேர்ந்தடித்த அந்தக் காற்றுக்கு எந்த நாவலும் என்னைத் தயார்படுத்தியிருக்கவில்லை. பின்னால் பெண்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே தள்ளினார்கள். பாட்டுப் பாடித் தள்ளுவார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். இல்லை. திட்டித்தான் தள்ளுகிறார்கள். வேகமும் அதில்தான் வருகிறது.

ஏரிக்கரைக்குச் சற்று முன்னால் மணல் குழைந்து, படகின் மூக்கு இறங்கியது. கயிறு விறைத்தது. வண்டி நின்றது. தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது, வெயில் மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது, அடுத்த முறைக்காரன் படகில் எழுந்து நின்றுவிட்டான். ஏழுமலையின் கால் ஆக்ஸிலேட்டர்மேல் துடிப்பது எனக்குத் தெரிந்தது. "மிதி மிதி!" என்று ஊர் கத்தியது. தேசிங்கும் கத்தினான்.

நான் ஓடிப்போய் டிராக்டருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றேன். வீரம் ஒன்றுமில்லை. அந்த வண்டி மோதினால் காயம் வண்டிக்குத்தான் என்கிற நம்பிக்கை. "காலை எடு! ஏழுமலை, காலை எடு!"

"பொழுது போவுதுண்ணே!"

"போகட்டும். தோண்டு!"

இந்த இடத்தைத்தான் உங்களுக்காக எழுதுகிறேன். ஊரே கத்துகிறபோது எதுவும் செய்யாமல் இருக்கச் சொல்வது, செய்யச் சொல்வதைவிடக் கஷ்டம். அதைச் சொல்லிவிட்டு உயிரோடு நிற்பது அதைவிடக் கஷ்டம். தனக்கோட்டி என்னை நோக்கி வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் அவர் என்னைத் தாண்டிப் போய், படகின் மூக்குக்குக் கீழே முட்டி போட்டு, இரண்டு கையாலும் மணலை வாரத் தொடங்கினார். சீர் கொடுத்தவர் மணல் வாரினால் மற்றவர்கள் நிற்க முடியுமா? நாய் தோண்டுகிற மாதிரி எல்லாரும் தோண்டினார்கள். மூக்குக்குக் கீழே ஒரு கட்டை போனது. ஏழுமலை கிளட்ச்சை, முட்டைமேல் கால் வைப்பவன்போல் விட்டான். படகு மெல்ல மூக்கை நிமிர்த்தி, சறுக்கி, தண்ணீரில் இறங்கியது.

தேசிங்கு உள்ளே தாவினான். பொழுது சாய்வதற்குள் அவன் இடத்தில் குச்சிகள் நின்றன. அடுத்த முறைக்காரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

எனக்குக் கடைசி பஸ் போய்விட்டது. தனக்கோட்டி வீட்டில் நண்டுக் குழம்பு வைத்துக் கொன்றார்கள். அதைப் பற்றி எழுதினால் நீங்கள் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவீர்கள், விட்டுவிடுகிறேன்.

விடிந்ததும் கரைக்குப் போனேன். தேசிங்கின் படகு வந்திருந்தது. இறால் கூடை கூடையாக இறங்கிக்கொண்டிருந்தது. தனக்கோட்டி ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் இது வேறு மாதிரியான பார்வை. வலையைக் கரையில் இழுத்துப் போட்டு உதறிக்கொண்டிருந்தார்கள். வலை மண்ணில் படிந்து நிற்பதற்காக அதன் அடிக்கயிற்றில் கனமாக எதையாவது கட்டியிருப்பார்கள்: ஈயக் குண்டு, சுட்ட மண் குண்டு, எது கையில் கிடைத்ததோ அது. நான் டீயை ஊதிக்கொண்டே அந்தக் குண்டுகளைப் பார்த்தபடி நடந்தேன். ஓரத்தில் கடைசியாகக் கட்டியிருந்த குண்டு கறுப்பாக, நீளமாக இருந்தது. ஒரு முனை ஆறு பட்டையாக இருந்தது.

டீயைக் கீழே வைத்தேன்.

"தேசிங்கு, இது எங்க கெடைச்சது?"

"இதுவா நைனா? நேத்து காலைல மண்ணுல கெடந்துச்சு, டிராக்டர் தடத்துல. ஓரத்துக்கு ஒரு குண்டு கொறைஞ்சுது. கனமா கீதேன்னு கட்டிட்டேன். எதுக்கு?"

"எல்லாரோடயும் சேந்து நீயும்தானேய்யா முட்டி போட்டுத் தேடினே? போல்ட்டை?"

அவன் வலையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி வலையைப் பார்த்தான். "நீ காட்டுனது வெள்ளையா பளபளன்னு இருந்துச்சே நைனா" என்றான். "இது கரி மாதிரி இல்ல கீது?"

அவன்மேல் தப்பே இல்லை. தொலைந்தது அரை நூற்றாண்டு எண்ணெயும் துருவும் குடித்த போல்ட். நான் ஊருக்குக் காட்டியது கடையில் இருந்து வந்த புது மாப்பிள்ளை. ஊர் மொத்தமும், சேற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத இறாலைக் கையாலேயே பிடிக்கிற அந்தக் கூட்டம் மொத்தமும், நான் காட்டியதைத்தான் உண்மையாகத் தேடியது. தேடச் சொல்லுமுன் எதைத் தேட வேண்டும் என்று சரியாகச் சொல்லுங்கள். வண்டியில் மிச்சமிருந்த இன்னொரு பழைய போல்ட்டைச் சுட்டிக் காட்டியிருந்தால் தேசிங்கு அப்போதே படகில் ஏறி அவிழ்த்துக் கொடுத்திருப்பான். தொலைந்த போல்ட்டைப் படகில் வைத்து, அது இல்லாத டிராக்டரால் அதையே ஏரிவரைக்கும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறோம்.

சுமதிதான் முதலில் சிரித்தாள். பிறகு கரையே சிரித்தது. ஏழுமலை மணலில் உட்கார்ந்துவிட்டான். "அய்ய, எம் பவுடரு போச்சே!" என்று அவள் தேசிங்கின் முதுகில் ஒன்று வைத்தாள்.

நான் குனிந்து முடிச்சில் கை வைத்தேன். தனக்கோட்டியின் கை என் கைமேல் விழுந்தது.

"தொடாதே மேஸ்திரி. மொதல் பாட்டுல கூடை நெறைய கொண்டாந்த வலை. சுத்து முடியற வரைக்கும் அதுலேர்ந்து ஒரு நூலு அவுக்கக் கூடாது. அது எங்க வழக்கம்."

"அம்மா, அது டிராக்டர் சாமான்."

"நேத்து வரைக்கும். டச்சுக்காரனுக்கு நீ வேற செஞ்சி போடு. இது இப்போ எம் மாப்ளது."

ஒரு ஊரின் சட்டத்தை எதிர்த்து என்னால் ஸ்பானரைத் தூக்க முடியாது. அளவு எடுக்க மட்டும் அனுமதி கிடைத்தது. ஈர வலைக்கு முன்னால் சம்மணம் போட்டு, கயிற்றில் கட்டியிருந்தபடியே அந்த போல்ட்டை அளந்து குறித்துக்கொண்டேன். புது போல்ட் வருகிறவரை வண்டியைத் தொடக் கூடாது என்று ஏழுமலையிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

பொன்னேரியில் கடைந்து வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் போனேன். கப்ளிங்கைத் திறந்தால், பவுடர் டப்பா தகடு காகிதமாகத் தேய்ந்திருந்தது. போல்ட் லேசாக வளைந்திருந்தது. ஒரே ஒரு படகை மெல்ல இழுத்த தேய்மானம் இல்லை அது. நான் ஏழுமலையைப் பார்த்தேன். "சின்ன படகுண்ணே" என்றான். சக்கரத்தை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு" என்றான்.

புது போல்ட் கச்சிதமாக உட்காரும் என்று தெரிந்தது. மாட்டுவதற்கு முன் அதைத் துணியில் துடைத்து, பெருமையோடு தேசிங்கிடம் கொடுத்தேன். நல்ல இரும்பு, நல்ல வேலை. பாராட்டுக்கு ஆசைப்பட்டேன், ஒப்புக்கொள்கிறேன். அவன் வாங்கி உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடி, ஒருமுறை தூக்கிப் பார்த்தான். இரண்டாம் முறையும் தூக்கிப் பார்த்தான்.

"அதே கனம்" என்றான் மரியாதையோடு. "நைனா, வலைக்கு இந்தப் பக்கத்து ஓரம் இன்னும் லேசாதான் கீது. இந்த மாதிரி இன்னொண்ணு கெடைக்குமா?"

அதற்குப் பிறகு அந்த ஊருக்கு வேலைக்குப் போகும்போதெல்லாம் எல்லாவற்றிலும் இரண்டு எடுத்துக்கொண்டு போனேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். முதலில் வலைக்குக் கொடுத்துவிடுங்கள். பிறகு நிம்மதியாக வண்டிக்கு மாட்டலாம்.